8 எம்எம் வியூவர்: ஆறு வருடம் கையால் சுற்றிப் பார்த்த அனுபவம்

பெரியப்பா பினாங்கில் வேலை பார்த்தவர். லீவில் ஊருக்கு வந்தால் கேமராவும் கையுமாகத்தான் திரிவாராம். அவர் காலமான பிறகு மதுரை சிம்மக்கல் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே 41 ரீல், எல்லாம் வீட்டுக் கேமராவில் எடுக்கும் எட்டு மில்லிமீட்டர் அகல சினிமா பிலிம். "விக்கிறதுன்னா வித்துரு, எனக்கு இதுல ஒண்ணும் தெரியலப்பா" என்று பெரியம்மா என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதற்காகவே காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் 3,200 ரூபாய்க்கு இந்த வியூவரை வாங்கினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. சுற்றினால் படம் ஓடும், விட்டால் நிற்கும். எட்டு எம்எம், சூப்பர் எட்டு இரண்டும் போடலாம்.

இதற்கு முன்னால் ஒரு தப்புச் செய்தேன். ஆர்வம் தாங்காமல், இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரு ரீலை ஓட்டிவிட்டேன். பழைய பிலிம் சுருங்கியிருக்கும். பிலிமை இழுக்கும் மெஷினின் நகம் ஓரத் துளையில் சரியாக விழாமல் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துப் போட்டது. அந்த இடத்தில் இருந்தது எங்கள் அப்பத்தா. வியூவரில் இழுப்பது நம் கை. எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பழைய பல்பு சூடாகிறது, ஒரே ஃபிரேமில் நிறுத்தி வைத்துப் பார்க்க பயமாக இருக்கும். இரண்டாவது வருடம் எல்இடி மாற்றிய பிறகு அந்தக் கவலை போய்விட்டது. பிலிம் போகும் பள்ளத்தில் தூசி சேர்ந்தால் நீளக் கீறல் விழும். ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் துடைத்தே ஆக வேண்டும். படம் மங்கல்தான். நிறத்தை எடைபோட வெள்ளை வெளிச்சமும் ஒரு லென்ஸும் தனியாக வேண்டும்.

வியூவரில் மாட்டும் முன் மூக்குதான் வேலை செய்ய வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மதுரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணைவிட அதற்கு மோசமான இடம் கிடையாது. அந்த ஆவி பக்கத்து ரீல்களையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைத்தேன். 41இல் ஏழு அப்படிப் போயிருந்தன. அவற்றை விற்கவில்லை, முதல் வேலையாக ஸ்கேன் செய்யக் கொடுத்தேன்.

அப்புறம் துளை. பெரிய துளை, அதுவும் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இருந்தால் 1932இல் வந்த பழைய எட்டு எம்எம். சின்னதாக, ஃபிரேமின் நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் 1965இல் வந்த சூப்பர் எட்டு. ஓரத்தில் கோடாக்ரோம் என்று அச்சிருந்தால், அது கோடாக் கம்பெனியின் கலர் பிலிம், நிம்மதி, இருட்டில் கிடந்தால் அதன் நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மற்ற சில கலர் பிலிம்கள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டிருந்தன.

விலை வயதைப் பார்த்து வருவதில்லை. அந்தக் காலத்தில் கடைகளில் ரெடிமேடாகக் கிடைத்த கார்ட்டூன் ரீல்கள் நாலும் சேர்ந்து 400 ரூபாய்தான் போயின. தங்கம் தியேட்டர் வாசல் கூட்டமும் மாசி வீதியும் இருந்த ஒரே ரீலுக்கு ஒரு சேகரிப்பாளர் 5,000 கொடுத்தார். வாடை, சுருக்கம், ஒட்டு எத்தனை, நிறம் எப்படி என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துத்தான் விற்கிறேன். கேட்பவர்கள் பேரம் பேசுவதே குறைந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. கடைசி அடி வரை சுற்றிப் பாருங்கள். பழைய எட்டு எம்எம்மில் 25 அடிச் சுருளைக் கேமராவில் இரண்டு தடவை ஓட்டுவார்கள். கழுவிய பிறகு நெடுக்கே இரண்டாக வெட்டி, 50 அடியாக ஒட்டிக் கொடுப்பார்கள். அதனால் நடுவில் ஒரு ஒட்டு இருக்கும். ஒட்டுக்கு முன்னால் இருப்பது ஒரு நாள் எடுத்தது, பின்னால் இருப்பது வேறு ஒரு நாள் எடுத்ததாக இருக்கலாம்.

அழகர் ஆற்றில் இறங்கும் ரீல் ஒன்று இருந்தது. பச்சைப் பட்டு அப்படியே பச்சையாகத் தெரிந்தது. நல்ல விலைக்குப் பேசி முடித்தாயிற்று. ஒட்டு வரை பார்த்துவிட்டு, மிச்சமும் திருவிழாதான் என்று டப்பாவில் போடப் போனேன். என்னவோ தோன்றி மறுபடி சுற்றினேன். ஒட்டைத் தாண்டியதும் எங்கள் வீட்டு வாசல். பாவாடை தாவணியில் பெரியம்மா குனிந்து கோலம் போடுகிறார், நிமிர்ந்து பார்த்து, எடுக்க வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்தது, அடுத்த தெருப் பெண்ணாக அவர் எங்கள் வாசலுக்கு வந்துபோன காலம்.

வாங்க இருந்தவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஸ்கேன் பிரதி ஒன்று கொடுத்தேன், முதல் பாதி மட்டும். ரீல் பெரியம்மாவின் பீரோவில் இருக்கிறது. வியூவரையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன், இப்போது அவரே சுற்றிப் பார்க்கிறார்.