ஏர் பியூரிஃபையரா, என்95 மாஸ்க்கா? எர்ணாவூரில் ஒன்பது மாத அனுபவம்

வடசென்னையில் மணலி எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயந்திரம் விரல் வைத்தால் கருப்பாக ஒட்டும். பையனுக்கு வீசிங் வந்த பிறகுதான் மாஸ்க்கா, அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் ஏர் பியூரிஃபையர் மெஷினா என்று உட்கார்ந்து யோசித்தோம்.

எவ்வளவு தூசி வரை ஆபத்தில்லை என்பதிலேயே ஒத்த கருத்து கிடையாது. பிஎம் 2.5 நுண்தூசிக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. எட்டு மடங்கு வித்தியாசம்! அவர்கள் பேசி முடிக்கும் வரை பிள்ளை மூச்சு விடாமல் இருக்க முடியாதே, அதனால் குறைந்த எண்ணையே கணக்கில் வைத்தேன்.

மாஸ்க் விலை குறைவு, வண்டியில் போகும்போது அதுதான் சரி. ஆனால் ஆறு வயசுப் பிள்ளை ராத்திரி முழுக்க அதைப் போட்டுக்கொண்டு தூங்குமா? மெஷின் பக்கம் சாய்ந்தது அதனால்தான்.

வாங்கப் போனால் மெஷின் விலையை அப்புறம் பாருங்கள், முதலில் ஃபில்டர் விலையைக் கேளுங்கள். ஒரு வருஷம் வரும் என்றார்கள். ஏழாம் மாதமே கழற்றிப் பார்த்தால் வெள்ளை மடிப்பெல்லாம் அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது, புதிது 2,300 ரூபாய். நுண்தூசியைப் பிடிக்கிற இந்த ஹெப்பா ஃபில்டரைக் கழுவவும் கூடாது. வெளி வலையை வாராவாரம் சுத்தம் செய்யாமல் விட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், இப்போது ஞாயிறுதோறும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு என்றால் மாதம் 400 ரூபாய்க்குப் பக்கம் வரும். அதை ஒதுக்க முடியாதென்றால் வாங்கவே வாங்காதீர்கள், அடைத்த ஃபில்டரோடு ஓடும் மெஷினால் கரண்ட் செலவுதான் மிச்சம். அறையையும் சாத்தி வைக்க வேண்டும், ஏசி இல்லாத வீட்டில் கோடைக்கு அது கஷ்டம்.

பையனின் ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. நடுவில் மழைக்காலமும் வந்து போனதால் மெஷினால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு கோடையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

வாயு கசிந்தால் மாஸ்க், மெஷின் இரண்டையும் நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். எங்கள் வாசல் ஆணியில் நாலு காட்டன் துண்டு எப்போதும் தொங்கும், கீழே ஒரு பாட்டில் தண்ணீர்.