பழைய எஸ்பிஎக்ஸ்90: ஒலிக்கு வணக்கம், பொத்தானுக்குச் சாபம்

பதிவு செய்யும் குரலுக்கும் மேளத்துக்கும் ரிவெர்ப், அதாவது மண்டபத்தில் கேட்பதுபோன்ற எதிரொலி முழக்கம், சேர்க்கும் கருவி என்னுடைய யமஹா எஸ்பிஎக்ஸ்90. பழுதுபார்ப்பிலிருந்து நேற்றுதான் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பியது. ரசீதைப் பார்த்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதைப் படிப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் வெளிவந்த கருவி. 30 ஆயத்த ஒலி அமைப்புகள், நாமே சேமித்துக்கொள்ள 60 இடங்கள், ஒற்றை உள்ளீடு, ஸ்டீரியோ வெளியீடு. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. என் கோபமெல்லாம் முகப்பிலுள்ள கூட்டல், கழித்தல் பொத்தான்கள் மீதுதான். ரிவெர்ப் நேரம், தாமதம், அளவு என்று எதை மாற்றினாலும் அந்த இரண்டைத்தான் அழுத்த வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும்வரை இதுதான் கதை: ரிவெர்ப் நேரம் 2.4 நொடியை 2.6 ஆக்க நினைப்பேன். முதல் அழுத்தலைக் கண்டுகொள்ளாது. அடுத்ததற்கு மூன்று படி தாவும். பொறுமையிழந்து அழுத்திப் பிடித்தாலோ ஓட்டமெடுத்துவிடும். மேல்வரம்பு 99 நொடி! கண்ணாடிக்கு அப்பால் ஹெட்போன் மாட்டிக் காத்திருக்கும் பாடகரின் காதில், பத்துமலைக் குகையிலும் கேட்காத முழக்கம் கேட்கும். அவர் என்னைப் பார்ப்பார். நான் பொத்தானைப் பார்ப்பேன்.

நாற்பது ஆண்டுப் பொத்தான் தேய்வதும் அதன் உள்ளே உலோகம் கறுப்பதும் இயற்கை. செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன்; புதுப்பித்ததாகச் சொல்லி விற்றவரைத்தான் சொல்வேன். மின்வழங்கியின் கெப்பாசிட்டர்களை மாற்றியிருந்தார். நினைவகத்துக்கான லித்தியம் மின்கலமும் புதிது. ஜப்பானிய 100 வோல்ட் கருவி என்பதை முன்கூட்டியே சொல்லி, மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே தந்தார். எல்லாம் ஒழுங்கான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதனின் விரல் படும் இடத்தை மட்டும் விட்டுவிட்டார். பொத்தானின் விலை சில்லறைக் காசு. முகப்பைக் கழற்றி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதியதைப் பற்றவைக்கும் கூலிதான் பணத்தை விழுங்குகிறது. ஏற்கெனவே திறந்து கிடந்த பெட்டியில் அதைச் செய்ய என்ன கேடு?

இனி ஒலி. தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களில் உறுமி மேளக் குழுக்கள் பாட்டுப் பதிவுக்கு வருவார்கள். உறுமியின் தேய்ப்பொலிக்கு நீண்ட மண்டப ரிவெர்ப் வைத்தால், வேகம் கூடும்போது அடிக்கு அடி ஒட்டிக்கொண்டு எல்லாம் குழம்பாகிவிடும். இதில் 16-ஆம் எண்ணில் இருக்கும் கேட் ரிவெர்ப் அப்படியில்லை. முழக்கம் பெரிதாக எழும். மெல்லத் தேயாமல் கத்தரித்தாற்போல் நிற்கும். அடுத்த அடிக்கு இடம் கிடைக்கிறது. முதன்முதலில் கேட்ட குழுத் தலைவர் ஒலிபெருக்கியின் அளவைத் தாமே கூட்டினார்.

இன்னொன்று, மாதிரி எடுக்கும் வேகம், அதாவது ஒலியை எண்களாக்க நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, 31.25 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், எஃபெக்ட் ஒலி ஏறத்தாழ 12 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. காகிதத்தில் இது குறை. ஆனால் ஜால்ராவின் கூர்மையும் பாடகரின் ‘ஸ’கர ஒலியும் ரிவெர்ப்பின் வாலில் சீறுவதில்லை. கணினியில் இதே வேலையைச் செய்யும் பிளக்-இன் மென்பொருள்களில் இந்தக் கூர்மை மழுங்கிய இருட்டைக் கொண்டுவர நான் வடிகட்டி மேல் வடிகட்டியாகப் போட்டுக்கொண்டிருப்பேன். இங்கே கம்பியைச் செருகினால் போதும்.

அதே பிளக்-இன், பாட்டுக் கோப்பைத் திறந்ததும் போன மாத அமைப்பை அப்படியே காட்டும். எஸ்பிஎக்ஸுக்கோ நான் நோட்டுப் புத்தகத்தில் எண்களை எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் ரிவெர்ப்பை உடனுக்குடன் தனித் தடத்தில் பதிந்துவிடுகிறேன். பாடகர் ஒரு வரியைத் திருத்திப் பாடினால் அந்தத் தடத்தையும் மறுபடி ஓடவிட வேண்டும்.

பட்டர்வொர்த்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இதே மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். ரசீது என் மேசையில் இருந்தது. வேண்டாம் தம்பி, பிளக்-இன் போதும் என்றேன். பிடிவாதமாக இருந்தால், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் காட்டும் காணொளி வராமல் பணம் அனுப்பாதீர்கள் என்றும் சொன்னேன்.

“அப்படியென்றால் உங்களுடையதை எனக்கே கொடுத்துவிடுங்கள் அண்ணே” என்றார்.

தைப்பூசம் முடியட்டும் என்றேன். எந்த ஆண்டுத் தைப்பூசம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.