அறுபது அடியில் தெரியும் எழுத்து: கிளிநொச்சியில் ஒரு பலகை எழுதும் ஐயா

மல்லாவிப் பக்கம் மா அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். போன வருடம் வாசலுக்கு ஒரு பனர் அடித்தோம். மிளகாய்ப் படம், மல்லிப் படம், பிள்ளையார், இரண்டு தொலைபேசி இலக்கம், பச்சையின் மேல் சிவப்பு எழுத்து. கிட்ட நின்றால் வடிவு. வீதியில் நின்றால் ஒன்றும் பிடிபடாது. என் வாசலிலேயே நின்று "மில் எங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. பத்து மாதத்தில் சிவப்பும் வெளிறிவிட்டது.

இந்த முறை கிளிநொச்சியில், ஏ 9 வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், தூரிகையால் பலகை எழுதும் ஐயாவிடம் போனேன். விலை பேச முதல் அவர் கேட்டார்: வீதியிலிருந்து எத்தனை அடி? வீதி தாரா, கிரவலா?

அறுபது அடி, கிரவல் என்றேன். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது அவருடைய கணக்கு. ஆகவே 6 அங்குலம். நான் எழுதிக்கொண்டு போன ஏழு விசயத்தையும் வாசித்துவிட்டு, "மோட்டச்சைக்கிளில போறவன் எத்தினை சொல் வாசிப்பான், பிள்ளை?" என்றார். 'மா அரைக்கும் இடம்' பெரிதாக வந்தது. மிளகாய், மல்லி, இலக்கம் எல்லாம் கீழே 2 அங்குலத்தில். பிள்ளையார் படத்துக்குப் பதில் மேலே ஒரு சுழி.

பழைய பனரின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். சிவப்பும் பச்சையும் ஒரே இருட்டாகக் கலந்து, எழுத்தே காணாமல் போனது. நிறம் வேறாக இருந்தால் போதாதாம், ஒன்று வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் இருக்கவேணுமாம்.

நான் மிகவும் ரசித்தது எழுத்துகளின் இடைவெளி. அடிமட்டம் வைக்கவில்லை. 'இடம்' என்பதில் ட-வின் வலப்பக்கம் மேலே வெறுமையாக இருக்கிறதல்லவா, அதனால் 'ம்' ஐக் கொஞ்சம் கிட்ட இழுத்து எழுதினார். அளந்தால் இடைவெளிகள் சமமில்லை, பார்த்தால் சமம். வரியையும் நட்டநடுவில் வைக்காமல் ஒரு விரற்கடை உயர்த்தினார். நடுவில் வைத்தால் கீழே சரிந்தது போலத் தெரியுமாம்.

கோயில் மதில் மாதிரிச் சுற்றிவரச் சிவப்பு வெள்ளைப் பட்டை கேட்டேன். மறுத்துவிட்டார். "மதில் நீளம், அந்தப் பட்டையோட கண் ஓடத்தான் வேணும். இங்க கண் எழுத்தில நிக்கோணும்." அதற்குப் பதில் அடியில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு கரை. மழைக்குத் தெறிக்கும் கிரவல் சேறு அதில் தெரிவதில்லை.

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றவர் பதினொரு நாள் எடுத்தார். மழைக்கு எனாமல் காயவில்லை, சரி, ஆனால் ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆங்கில வரி தமிழ் அளவுக்கு அமையவில்லை. 8 அடிக்கு 3 அடிப் பலகை 22,000 ரூபா, ஏற்றுக்கூலி தனி. எனக்கு அது கூடவாகப் படவில்லை.

அவரிடம் போகிறவர்கள் வீதியின் மறுபக்கம் நின்று உங்கள் கடையை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் நிறம் சொல்வார். பக்கத்துக் கடைச் சுவர் கடும் நீலம் என்பதால்தான் என் பலகைக்கு மஞ்சள் வந்தது.