வீட்டுக்கே வந்து கண்ணாடி அறுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒப்படைக்கும் முன்

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பீரோ கரையான் அரித்து வீணாகிவிட்டதால், அதன் கதவில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டுமாவது காப்பாற்றி, கை கழுவும் தொட்டிக்கு மேலே பொருத்தலாம் என்று முடிவு செய்தோம். நான்கரை அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட அதை 3 அடியாகக் குறைக்க வேண்டியிருந்தது. சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்ததால் ஒரு மூலையில் 3 அங்குலச் சதுரத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள கண்ணாடிக் கடையில் கேட்டேன். வீட்டிலேயே அறுத்துத் தர ஆள் அனுப்புவதாகவும், கூலி 600 ரூபாய் என்றும் சொன்னார்கள். மூலையில் எடுக்க வேண்டிய சதுரத்தைப் பற்றி இருமுறை கேட்டேன். "அதெல்லாம் சாதாரணம் சார்" என்பதே பதிலாக இருந்தது.

வந்தவர் கூடத்தின் டைல்ஸ் தரையிலேயே கண்ணாடியை வைத்தார். அடியில் ஒரு போர்வைகூட விரிக்கவில்லை. பெயின்ட் பூசிய பின்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, அந்தப் பெயின்ட்டின் மீதே கட்டரை, அதாவது கண்ணாடியில் கோடு போடும் சிறு சக்கரக் கருவியை, இழுத்தார். கோடு விழவில்லை என்று அதே இடத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அழுத்தி இழுத்தார். பிறகு திருப்பிப் போட்டு நல்ல பக்கத்தில் கோடு போட்டு, மூலைச் சதுரத்தை இடுக்கியால் பிடித்து ஒடித்தபோது, அந்த மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிக் குறுக்காக எதிர்ப்பக்கம் வரை ஓடியது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பழைய கண்ணாடி, அப்படித்தான் போகும்" என்றார் வந்தவர். பழைய கண்ணாடி எதிர்பாராமல் உடையக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதை அறுப்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லியிருந்தால் அந்தச் சதுரமே வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

அன்று மாலையே அவர் வேறு கண்ணாடி கொண்டு வந்தார். 5 எம்.எம். கண்ணாடி என்று சொல்லி, ஒட்டும் கூலியையும் சேர்த்து 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் தந்த துண்டுச் சீட்டில் "மிரர் 4.5 ச.அடி" என்று மட்டுமே இருந்தது, தடிமன் எழுதப்படவில்லை. ஒட்டும்போது வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. நான்கு மாதத்தில் ஓரங்களிலிருந்தும், பின்னால் பசை வைத்த இடங்களிலிருந்தும் கறுப்புப் புள்ளிகள் பரவத் தொடங்கின.

கடைக்குப் போய்க் கேட்டபோது, "தண்ணீர் பட்டிருக்கும்" என்று கைவிரித்துவிட்டார்கள். வேறொரு கடையில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் பெரியவரை அழைத்து வந்தேன். அவர் பசையை மெல்லிய கம்பியால் அறுத்துக் கண்ணாடியைப் பிரித்தெடுத்து, விளிம்பில் ஸ்கேலை வைத்துக் காட்டினார், 3 எம்.எம்.தான் இருந்தது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசை உலரும்போது அமிலத்தை வெளிவிடும் என்றும், அது பின்பக்கப் பூச்சைத் தாண்டி வெள்ளி முலாமை அரித்துவிடும் என்றும், கண்ணாடிக்கு அமிலம் விடாத நியூட்ரல் சிலிகானையே கேட்டு வாங்க வேண்டும் என்றும் அவர்தான் எனக்கு விளக்கினார்.

தடிமனை எடையாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு சதுர அடிக் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 230 கிராம் இருக்கும். அந்தக் கணக்கில் என் நாலரைச் சதுர அடிக்கு 5 எம்.எம். என்றால் 5 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்ததோ 3 கிலோவை ஒட்டித்தான். சுவரில் ஏற்றுவதற்கு முன் வீட்டுத் தராசில் ஒருமுறை வைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

சதுர மூலையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அப்படி உள்நோக்கி வெட்டும் மூலையைக் கட்டரால் கோடு போட்டு ஒடிக்கவே முடியாது, அழுத்தம் முழுவதும் அந்த முனையில் குவிந்து விரிசல் அங்கிருந்துதான் ஓடும் என்றார். கடையில் முதலில் அந்த முனையில் துளை போட்டு, பிறகு இயந்திரத்தில் அறுக்க வேண்டுமாம். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி என்றால் எந்த இடத்திலும் அறுக்க முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும் என்பதையும் சொன்னார். இவற்றை முதலில் வந்தவர் அறியாமல் செய்தாரா, அறிந்தே கூலிக்காக ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது; இரண்டுமே மன்னிக்கக்கூடியவை அல்ல என்பது என் கருத்து.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 5 எம்.எம். என்று அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு என் கையில் ஒரு வரிகூட இல்லை. தடிமன், அளவு, பசையின் வகை, உடைந்தால் யார் பொறுப்பு ஆகிய நான்கையும் சீட்டில் எழுதி வாங்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

உடைந்த பழைய கண்ணாடியில் ஒரு பெரிய துண்டை அம்மா எறியாமல் வைத்திருந்தார்கள். பெரியவர் மேசையில் போர்வையை விரித்து, பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி அதைக் கிடத்தி, கோடு விழ வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து, கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகக் 'கிர்ர்' என்ற ஓசை கேட்டது. கோட்டை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி, இரு கைகளாலும் மெல்லக் கீழே அழுத்தினார்; நேராகப் பிரிந்தது. விளிம்பைச் சாணைக்கல்லால் தேய்த்துக் கூர் மழுக்கிக் கொடுத்தார். ஓரடிக்கும் சற்றுக் குறைவான அந்தத் துண்டு இப்போது அம்மாவின் அறையில் இருக்கிறது.