கண் எங்கே, கூரை அங்கே: செகண்ட் லைஃப், ரோப்லாக்ஸ், விஆர்சாட்

இணையம் வழியாகப் பலர் கூடும் மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃபில் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது, கட்டியவருக்கு அளவே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். கதவு என்னைப் போல் இரண்டு மடங்கு. கூரையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்த வீடும் அப்படியே. பிறகுதான் புரிந்தது, ஊரோடு ஒட்டாதவன் நான்தான். அங்கே என் சார்பாக நடமாடும் உருவத்தை, அதாவது என் அவதாரத்தை, நிஜ மனிதரின் உயரத்துக்கு, ஐந்தரை அடிக்குச் செய்துவைத்திருந்தேன். அங்கே ஏழடி ஆட்கள் சர்வசாதாரணம். ஒருவர் அருகில் வந்து, மரியாதையாகத்தான், நான் சிறுவனா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்குக் காரணம் கேமரா. அங்கே நாம் உலகத்தை அவதாரத்தின் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, சற்றுத் தள்ளி மிதக்கும் ஒரு கண்ணால் பார்க்கிறோம். கூரை தாழ்ந்திருந்தால் அந்தக் கண் கூரையில் முட்டும். அறை சிறியதாக இருந்தால் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். எனவே கட்டியவர்கள் கூரையை உயர்த்தினார்கள். கூரை உயர்ந்ததும் ஆட்கள் குள்ளமாகத் தெரிந்தார்கள். ஆட்கள் தங்களை நீட்டிக்கொண்டார்கள். யாரும் விதி போடவில்லை. ஒரு கேமராவை வைத்த இடம் ஓர் ஊரின் கட்டடக் கலையையும் மக்களின் உயரத்தையும் தீர்மானித்துவிட்டது.

அன்று முதல் எந்த மெய்நிகர் உலகத்துக்குப் போனாலும் நான் இரண்டைத்தான் கவனிக்கிறேன்: உடலை யார் செய்கிறார்கள், கண் எங்கே இருக்கிறது. படத்தின் பளபளப்பும் பயனர் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த இரண்டும் லேசில் மாறுவதில்லை. செகண்ட் லைஃபில் கண் தலைக்குப் பின்னால். பயனர்களே செய்த விளையாட்டுகள் நிறைந்த ரோப்லாக்ஸிலும் பின்னால்தான், ஆனால் அங்கே கண்ணைவிடக் கால் முக்கியம். கூடிப் பேசுவதற்கான உலகமான விஆர்சாட்டில், கண்ணை மூடும் திரையான ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கண் தலைக்குள்ளேயே.

முதலில் உடல்

லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃபைத் திறந்தது 2003 ஜூனில். அன்றைக்கு உடல் என்றால் ஸ்லைடர்கள்தான். உயரம், தோள் அகலம், மூக்கின் மேடு, தாடையின் கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் அளவு. மணிக்கணக்கில் மூக்கை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 2011இல் மெஷ் எனப்படும் முப்பரிமாண வடிவங்களைப் பதிவேற்றும் வசதி வந்த பிறகு கதை மாறியது. இப்போது உடலை ஒருவரிடமும் தலையை இன்னொருவரிடமும் தோலை மூன்றாமவரிடமும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்திக்கொள்கிறார்கள். சட்டை எந்த உடலுக்காகத் தைக்கப்பட்டதோ அந்த உடலுக்குத்தான் பொருந்தும். நான் அவசரப்பட்டு வேறோர் உடலுக்கான மேலங்கியை வாங்கிவிட்டேன். போட்டுக்கொண்டு நின்றால் சரியாகத்தான் இருந்தது. கையைத் தூக்கியதும் முழங்கை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அங்கியைக் கழற்றாமல் அதன் அடியில் உள்ள தோலை மட்டும் மறைத்துவிடுவதுதான் வழக்கமான வைத்தியம். எனவே நன்றாக உடுத்திய பலருக்குத் துணிக்குக் கீழே உடம்பே இல்லை.

தலை மாற்றும் வழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. 1986இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ், கொமடோர் 64 கணினிக்காக ஹாபிடாட் என்ற வலைப்பின்னல் உலகத்தை உருவாக்கியது. திரையில் நம் சார்பாக நடமாடும் உருவத்துக்கு அவதாரம் என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அந்த உருவங்கள் தலையைக் கழற்றி வேறு தலையை மாட்டிக்கொள்ளும். சொல் நமக்குப் பழக்கமானது, மேலிருந்து இறங்கி வருவது என்று பொருள். ஆனால் நாம் கேள்விப்பட்ட அவதாரங்களில் யாரும் இறங்குவதற்கு முன்பு தாடையின் கோணத்தைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

ரோப்லாக்ஸ் 2006இல் வந்தது. அதன் உடல் ஒரு பொம்மை, அதை அது மறைப்பதும் இல்லை. பழைய ஆர்6 உடலுக்கு ஆறே துண்டுகள்: தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். புதிய ஆர்15க்குப் பதினைந்து. பழைய பாணிச் சட்டை என்பது 585க்கு 559 பிக்சல் அளவுள்ள ஒரு படம், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியை விரித்துவைத்ததுபோல் இருக்கும் அந்தப் படத்தில் முன்பக்கம், முதுகு, கைகள் எங்கெங்கே வரும் என்று கட்டம் போட்டிருக்கும். சாதாரண ஓவியச் செயலியில் வண்ணம் தீட்டினால் சட்டை தயார். பின்னாளில் உடல் வடிவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் அடுக்கு உடைகளும் வந்துவிட்டன. இருந்தாலும் அந்த அட்டைப்பெட்டிச் சட்டைக்கு ஈடான நுழைவாயில் வேறெந்த உலகத்திலும் எனக்குத் தென்படவில்லை. முப்பரிமாணம் பற்றி எதுவும் தெரியாத பிள்ளை ஒரே மாலையில் உடையமைப்பாளர் ஆகிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. ரோப்லாக்ஸில் உடல் உங்களுடையது என்றாலும் கடைசி வார்த்தை விளையாட்டைச் செய்தவருடையது. எல்லோரும் ஆர்6 உடலோடுதான் வர வேண்டும், எல்லோருக்கும் ஒரே உயரம் என்று அவர் அமைத்துவிட்டால் அதுதான் சட்டம்.

விஆர்சாட் உடலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அங்கே ஸ்லைடரும் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. பிளெண்டர், விராய்ட் ஸ்டூடியோ போன்ற இலவச மென்பொருள்களில் உருவத்தைச் செய்து, எலும்புக்கூடு பொருத்தி, விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி வழியாகப் பதிவேற்ற வேண்டும். வாயசைவுக்குத் தனி வடிவங்கள், கூந்தலும் வாலும் ஆடுவதற்குத் தனி அமைப்பு. அப்படியும் முதல் நாளே பதிவேற்ற முடியாது. புதிதாக வருபவர் சில காலம் புழங்கி, நம்பிக்கைப் படிநிலையில் ஒரு படி ஏறிய பிறகுதான் அந்த அனுமதி கிடைக்கும். அதுவரை மற்றவர்கள் பொதுவில் வைத்த உடல்கள்தான் கதி. இதற்கென்றே மண்டபங்கள் இருக்கின்றன: வரிசையாகப் பீடங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் உருவம், தொட்டால் நீங்கள் அதுவாகிவிடுவீர்கள். பதினைந்து நிமிடத்தில் நான் ஒரு நரியாகவும் ஓர் எலும்புக்கூடாகவும் காலுள்ள ஒரு ரொட்டித் துண்டாகவும் இருந்துவிட்டேன்.

என் சொந்த உடலைப் பதிவேற்றிய அன்று ஒரு சிறு உருண்டையைச் சரியான இடத்தில் வைக்கத் தவறினேன். யூனிட்டியில் அவதாரத்தின் பார்வைப் புள்ளியைக் காட்டும் உருண்டை அது. இரண்டு கண்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நான் நெஞ்சுப் பக்கமாக விட்டுவிட்டேன். உள்ளே போனால் எல்லோரும் என்னை மேலிருந்து குனிந்து பார்க்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தியதில் வந்த குழப்பமாக அது படவில்லை, உடம்பிலேயே ஏதோ கோளாறு என்றுதான் பட்டது. கண் தலைக்குள் இருப்பதன் பலமும் பலவீனமும் இதுதான். ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதாரம் தரப்பட்டவர்கள் பேரத்தில் கூடுதல் துணிச்சலோடு நடந்துகொண்டார்கள். நெஞ்சில் கண் வைத்து ஒரு மணி நேரம் திரிந்தவனுக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

விஆர்சாட் உடலுக்கு ஒரு விசித்திரமும் இருக்கிறது. நீங்கள் பாடுபட்டுச் செய்ததை எதிரில் இருப்பவர் பார்ப்பார் என்ற உறுதி கிடையாது. ஒவ்வோர் உடலுக்கும் அது கணினிக்குத் தரும் பளுவைப் பொறுத்து மிகச் சிறப்பு முதல் மிக மோசம் வரை தரம் உண்டு. முப்பரிமாண உருவங்கள் சிறு முக்கோணங்களால் ஆனவை. கணினியில் 32,000 முக்கோணங்கள் வரை மிகச் சிறப்பு, 70,000 வரை நன்று. தனியாக இயங்கும் ஹெட்செட்டில் மிகச் சிறப்புக்கு 7,500தான். மோசமான தரத்தை மறைக்கும்படி ஒருவர் அமைத்திருந்தால் அவருக்கு உங்கள் இடத்தில் ஏதோ ஒரு மாற்று உருவம் தெரியும். நீங்கள் தங்கக் கொம்போடு நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு சாம்பல் நிறப் பொம்மையோடு பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு ஊர்

ஊர் சுற்றுவதில் என் ஓட்டு, தயக்கமில்லாமல், செகண்ட் லைஃபுக்கு. காரணம் அதற்கு வரைபடம் இருக்கிறது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்டங்களாக விரிகின்றன. ஹெட்டரோசெரா கண்டத்தில் ரயில் பாதை ஓடுகிறது. பிளேக் கடலில் பாய்மரப் படகு விடலாம். சதுரத்தின் எல்லையைக் கடக்கும்போது வண்டி திணறுவதும், சில நேரம் ஆள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போவதும் பழகியவர்களுக்குப் புதிதல்ல. இருந்தும் பக்கத்து நிலம், அடுத்த ஊர், வழியில் பார்த்தது என்ற எண்ணங்களுக்கு இடம் தருவது இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஊரும் ஒரு முடிவால் உருமாறியதுதான். தொடக்க ஆண்டுகளில் நினைத்த இடத்துக்கு நேராகத் தாவ, அதாவது நொடியில் அங்கே போய்த் தோன்ற, முடியாது. அருகிலுள்ள தாவல் நிலையத்தில் இறங்கி, மீதித் தூரத்தைப் பறந்தோ நடந்தோ கடக்க வேண்டும். எனவே நிலையங்களைச் சுற்றிக் கடைகள் மொய்த்தன, நிலத்தின் விலை ஏறியது. 2005 டிசம்பரில் எங்கிருந்தும் எங்கும் தாவலாம் என்று ஆனது. நிலையத்தடி மனைகளின் மதிப்பு போயிற்று. பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனமே முன்வந்தது. பயணிகளுக்கு வசதி, சந்தேகமில்லை. ஆனால் வழியில் தற்செயலாக எதையாவது பார்ப்பது என்பது அன்றோடு குறைந்துவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

ரோப்லாக்ஸில் ஊர் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டும் தனித் தீவு, நடுவில் வழியில்லை. ஆனால் ஒவ்வொரு தீவுக்குள்ளும் ஒரு நேர்த்தி இருக்கிறது, அது காலிலிருந்து பிறக்கிறது. அங்கே நீளத்தின் அலகு ஸ்டட். மாற்றி அமைக்காவிட்டால் அவதாரம் நொடிக்கு 16 ஸ்டட் நடக்கும், 7.2 ஸ்டட் உயரம் குதிக்கும். கணக்குப் போட்டால், குதித்தவர் அரை நொடிக்குச் சற்று மேல் காற்றில் இருப்பார், அதற்குள் 8 ஸ்டட்டுக்கு மேல் தாண்டிவிடுவார். தாவித் தாவிக் கடக்கும் தடையோட்ட விளையாட்டுகள் அத்தனையும் இந்த ஒரு தாவலை வைத்தே அளக்கப்பட்டவை. இரண்டு மேடைகளுக்கு நடுவே ஆறு ஸ்டட் என்றால் குழந்தை விளையாட்டு, எட்டு என்றால் விளிம்பில் உயிர் ஊசலாடும். வெறும் கட்டைகளாகத் தெரியும் ஓர் உலகம் இப்படி ஓர் உடலின் அளவுக்குத் தைக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகு அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

விஆர்சாட்டில் கூரை கூரையின் உயரத்தில் இருக்கிறது, மேசை மேசையின் உயரத்தில். முட்டுவதற்குப் பின்னால் கேமரா இல்லையே. அதனால் அங்கே சிறிய அறைகள்தான் அழகு: மழை பெய்யும் ஜன்னல், மங்கிய விளக்கு, நான்கு பேர் உட்காரத் தரை. படிக்கட்டுகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் தலை குலுங்கினால் ஹெட்செட் போட்டவருக்குக் குமட்டும். எனவே கைதேர்ந்தவர்கள் படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவுப் பலகையைப் போட்டுவைக்கிறார்கள். பார்வைக்குப் படி, காலுக்குச் சரிவு.

கண்ணாடிகளும் அதே காரணத்தால் வந்தவைதான். கண் தலைக்குள் போய்விட்டால் தன் முகம் தனக்குத் தெரியாது. எனவே பெரும்பாலான அறைகளில் சுவரளவுக் கண்ணாடி உண்டு, பக்கத்தில் அதை அணைக்க ஒரு பொத்தானும் உண்டு. கண்ணாடி முழுக் காட்சியையும் இன்னொரு முறை வரையச் சொல்வதால் கணினி திணறும். நண்பர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். முதலில் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மைன்கிராஃப்டை இந்த வரிசையில் வைக்காததற்குக் காரணம், அங்கே உடல் வெறும் 64க்கு 64 பிக்சல் தோல், மனம் முழுக்க நிலத்தில். ஒரு கட்டை ஒரு மீட்டர், ஆள் இரண்டு கட்டைக்குச் சற்றுக் குறைவு, கண் தலைக்குள். இரண்டு கட்டை உயரத்தில் குகை தோண்டினால் போதும், நடக்கலாம். உலகம் நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் கிட்டத்தட்ட மூன்று கோடி கட்டைகள் வரை நீள்கிறது. இடத்தைக் கற்க நல்லது, அவதாரத்துக்கு அல்ல. மெட்டா நிறுவனத்தின் மெய்நிகர் உலகமான ஹொரைசன் வேர்ல்ட்ஸ் 2021 டிசம்பரில் வந்தபோது அவதாரங்களுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. கால்கள் வர 2023 ஆயிற்று. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கட்டிப் பார்க்க

ரோப்லாக்ஸில் கட்டுவதற்கு ஸ்டூடியோ என்ற தனிச் செயலி, லுவா வழிவந்த நிரல்மொழி. விஆர்சாட்டுக்கு யூனிட்டியும் ஓரளவு வலுவான கணினியும் வேண்டும். இரண்டிலும் பட்டறை ஓரிடம், ஊர் ஓரிடம். செகண்ட் லைஃபில் மட்டும் நின்ற இடத்திலேயே கட்டலாம்: பொதுமக்கள் பயிற்சித் திடலுக்குப் போய்த் தரையைத் தொட்டால் அரை மீட்டர் கனசதுரம் ஒன்று முளைக்கும், ஒட்டுப்பலகை நிறத்தில். அதை இழுக்க, திருக, துளையிட, பக்கத்தில் நிற்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்நியர் ஒருவர், வேண்டாம் அண்ணா, அந்த அச்சைப் பிடித்து இழுங்கள் என்று சொல்லித்தரும் நிலைமை மற்ற இரண்டிலும் எளிதில் வாய்க்காது.

ஆகவே, பிறர் உங்களைப் பார்ப்பதைவிட நீங்கள் வேறொருவராக இருந்து பார்ப்பது முக்கியம் என்றால் விஆர்சாட். ஹெட்செட் இல்லாமல் கணினியிலும் போகலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும். நீங்கள் கட்டியதை முன்பின் தெரியாத பிள்ளைகள் வந்து ஆடிக் குதித்து, எங்கே விழுந்தார்கள் என்று உடனே தெரிய வேண்டுமா, ரோப்லாக்ஸ். கட்டட அமைப்பை நிதானமாகச் சுற்றிப் பார்க்கவும் ஒரே இடத்துக்குப் பல ஆண்டுகள் திரும்பி வரவும் விரும்பினால் செகண்ட் லைஃப். அதன் தோற்றம் பழையது, பொருத்தும் வேலை பொறுமையைச் சோதிக்கும், முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். நான் அங்கேதான் தங்கிவிட்டேன்.

போனதும் கேமராவை இறக்கிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. கண் தோளுயரத்துக்கு வந்ததும் பாதி வீடுகள் அரண்மனையாகிவிடும், மீதி வீடுகள் சரியாகிவிடும். என் அவதாரத்தை இப்போது ஆறேகால் அடியில் நிறுத்திவைத்திருக்கிறேன், யாரும் வயதைக் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் கால் இன்னும் தரைக்கு எட்டவில்லை. நல்லவேளையாக, மாற்றும் அனுமதியோடு விற்ற நாற்காலி அது. நான்கு கால்களையும் அரை அடி குறைத்துவிட்டேன்.