பளபளப்புக்குக் காசு கொடுத்து ஏமாந்தேன்: சின்ன ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

லைசென்ஸ் வாங்கிவிட்டு, கைக்கு அடக்கமான நல்ல ரிவால்வர் ஒன்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதாரண ரகத்தைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்து நான் வாங்கியது, முகம் பார்க்கலாம் போல் மின்னிய ஒரு ஐந்து குண்டு ரிவால்வர். .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவுக்கான ரகம், துருப்பிடிக்காத எஃகு. "ஒரு தோட்டாகூடப் போகாத பீஸ் சார். ட்ரிகரை இழுத்துப் பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். இழுத்தேன். வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. அந்த ஒரு இழுப்பில் மனசு முடிவு பண்ணிவிட்டது.

முதல் நாள் சுடுதளத்தில் மூன்றாவது குண்டு போனதும், பக்கத்தில் நின்ற நண்பர் சட்டென்று கன்னத்தைத் துடைத்தார். விரலில் கடுகில் பாதி அளவுக்கு ஈயத் துகள், லேசாக ரத்தம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அடுத்த சுற்றில் ஒரு தோட்டா வெடிக்கவே இல்லை, 'டிக்' என்று சத்தம் மட்டும். தாமதமாக வெடித்துவிடலாம் என்பதால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகுதான் சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையைத் திறந்தேன். தோட்டாவின் பின்புறம், அடிபட்டதும் தீப்பொறி தரும் ப்ரைமரில் ஊசி பட்ட குழி மேலோட்டமாக, நகத்தால் கீறியது போல இருந்தது. வெடித்த தோட்டாக்களில்கூட அந்தக் குழி ஆழமாக இல்லை.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொண்டது. பிறகு சிலிண்டரின் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, ஹாமரை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியலை, மிக மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஹாமர் கடைசி நிலைக்கு வருவதற்குள் சிலிண்டர் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு அறையில் பூட்டியது. ஒன்றில் ஹாமர் முழுசாகப் பின்னால் வந்து நின்ற பிறகும் பூட்டவில்லை. அவர் விரலால் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் பூட்டு விழுந்தது. இதைத்தான் 'டைமிங்' போய்விட்டது என்கிறார்கள். அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காததால் குண்டு குழலின் பின்பக்க வாய் விளிம்பில் உரசுகிறது, அங்கே சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் தெறிக்கிறது. நண்பரின் கன்னத்தில் பட்டது அதுதான்.

அடுத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்தார். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என்னுடையதில் 0.30 தகடு தடையில்லாமல் போய் வந்தது.

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிலிண்டருக்கு மேலே ஓடும் ஃப்ரேம் (துப்பாக்கியின் உடல்சட்டம்) பட்டையின் அடிப்பக்கம், அந்த இடைவெளிக்கு நேர் மேலே, டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு. மேக்னம் தோட்டாவின் தீ அந்தச் சந்தில் பீறிட்டு எஃகையே அறுத்த தடம் அது. ஒன்றிரண்டு பெட்டித் தோட்டாவில் அவ்வளவு ஆழம் வராது என்றார். அந்தக் கோடு தானாக ஆபத்தில்லை, ஓரளவுக்கு மேல் வளராது. ஆனால் 'ஒரு தோட்டாகூடப் போகாத பீஸ்' என்பது பச்சைப் பொய் என்பதற்கு அதுவே சாட்சி. சிலிண்டர் முகத்தில் இருந்திருக்க வேண்டிய கரி வளையங்களைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். பட்டையின் அடியில் மட்டும் பாலிஷ் சக்கரம் போகவில்லை.

வெண்ணெய் ட்ரிகரின் ரகசியம் கைப்பிடியைக் கழற்றியதும் தெரிந்தது. ஹாமரை அடிக்க வைக்கும் மெயின் ஸ்பிரிங்கின் ஒரு நுனி வெட்டப்பட்டு, அரம் போட்ட கீறலோடு இருந்தது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் யார் கையிலும் ட்ரிகர் லேசாகத்தான் இருக்கும், ஹாமரின் அடியும் அதே அளவுக்கு லேசாகிவிடும். ஆபத்து நேரத்துக்காக வாங்கும் ஒரு பொருளில் செய்யக்கூடிய காரியமா இது?

உயர் ரக ரிவால்வரே வீண் என்று நான் சொல்லவில்லை. 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீஃப்ஸ் ஸ்பெஷல் ஐந்து குண்டு. 2016இல் வந்த கிம்பர் கே6எஸ், சிலிண்டரை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மட்டும் அகலமாக்கி ஆறு குண்டு வைக்கிறது. அந்த மாதிரி வேலைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். சிலிண்டரைத் திருப்பும் கொக்கியும் பின்னால் உள்ள பற்களும் ஒவ்வொரு அறைக்கும் பொருந்தும்படி இழைக்கப்பட்டிருந்தால், முழு வலு ஸ்பிரிங்கோடும் ட்ரிகர் ஒரே சீராக வந்தால், அதற்கும் கொடுக்கலாம். ஆனால் நல்ல இழுப்புக்கு விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்றில்லை. 2009இல் வந்த ரூகர் எல்சிஆர் விலை குறைந்த ரகம்தான். உள்ளே உராய்வைக் குறைக்கும்படி, ட்ரிகரின் அசைவைக் கடத்தும் கேம் என்ற பாகத்தின் வடிவத்தை மாற்றியே அதன் ட்ரிகரை மென்மையாக்கினார்கள், ஸ்பிரிங்கை வெட்டி அல்ல.

எடை குறைவாக இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னாலும் யோசியுங்கள். ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய ஃப்ரேமும் டைட்டானியம் சிலிண்டரும் உள்ள மேக்னம் ரிவால்வர் பையில் இருப்பதே தெரியாது, சுட்டால் உள்ளங்கை எரியும். அந்த உதைப்பில் சுடாத தோட்டாக்களின் குண்டே முன்னால் நழுவி வந்து சிலிண்டரை இறுக்கிவிடுவதும் உண்டு. தினமும் சுமக்கத்தான் அது, நிறையப் பழகுவதற்கு எஃகுதான் என்பது என் எண்ணம்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "அது ஸ்பெஷலா ட்யூனிங் பண்ணின பீஸ் சார், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். சுடாத பீஸ் என்றுதானே விற்றீர்கள் என்று கேட்டதற்கு, பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் 'ரிவால்வர் 1' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. பாகத்தில் வெளியாள் கைவைத்திருப்பதால் வாரண்டி செல்லாது என்று தயாரிப்பாளரும் கைவிரித்துவிட்டார்.

வாங்குமுன் அந்த மெதுவான ஹாமர் சோதனையை எல்லா அறைக்கும் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஹாமர் வெளியே தெரியாத மாடல் என்றால் ட்ரிகரையே அதே மாதிரி மெதுவாக இழுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்கவே வேண்டாம். பட்டையின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். சீரியல் எண்ணோடு 'சுடப்படாதது, பாகங்கள் மாற்றப்படாதவை' என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

என் ரிவால்வர் இப்போது பெரியவரின் பட்டறையில் இருக்கிறது. புது ஸ்பிரிங் போட்டாயிற்று, கொக்கி வர வேண்டும், குழலைப் பின்னுக்கு ஏற்றி இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் அந்தத் தீக்கோட்டின் படத்தையும் இணைத்துக் கடைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் இல்லை.