10 மில்லி மருந்து, 40 லிட்டர் உப்பு நீர்

மருந்து வேலை செய்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: செய்கிறது. கடல்நீர் மீன்தொட்டியில் பெருகித் தொல்லை தரும் தட்டைப்புழுக்களைக் கொல்லும் மருந்து இது: சாலிஃபெர்ட் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் ‘ஃபிளாட்வார்ம் எக்ஸிட்’, 10 மில்லி குப்பி. தொட்டியில் விட்ட கால் மணி நேரத்தில் தட்டைப்புழுக்கள் சுருண்டுவிட்டன. ஆனால் இந்தக் குப்பியை வாங்குவதற்கு முன்னால் வாங்கி வைக்க வேண்டிய சாமான்கள் சில இருக்கின்றன. இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

அல்சூரில், மூன்றாவது மாடியில், 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பெங்களூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று உறவினர்கள் கேட்காத தீபாவளி கிடையாது. ஜெயநகர் நண்பர் ஒருவர் அன்பாகக் கொடுத்த காளான் பவளத் துண்டில் ஒட்டிக்கொண்டு புழு வந்தது. அயோடின் கரைசலில் முக்கி எடுத்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது, நேராகப் போட்டுவிட்டேன்.

இரண்டே மாதம். பாறை முழுக்கத் துருப் பிடித்தது போல் ஆகிவிட்டது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் அந்தத் துருவுக்கு வால் இருக்கிறது, வாலில் மூன்று நுனி. ஓர் அரிசி மணி நீளம்கூட இருக்காது. சிவப்புப் பிளனேரியா என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். தன் உடலுக்குள்ளேயே பாசியை வளர்க்கும் இனம், அதனால் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே வந்து படுத்துக்கொள்ளும். பவளத்துக்கு விழ வேண்டிய வெளிச்சம் இதன் முதுகில் விழும். பெருகுவதற்குத் துணைகூட வேண்டாம், உடலிலிருந்தே மொட்டுவிட்டுக் குட்டி பிரிந்துவிடும்.

முதலில் மீனை நம்பினேன். ஆறு கோடு ராஸ் இவற்றைத் தின்னும் என்றார்கள். சில ராஸ் தின்னுமாம். எனக்கு வாய்த்தது மற்ற மீன்களை விரட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்தது.

அடுத்து ஒரு கடையில், பெயர் வேண்டாம், பெரிய பாட்டிலிலிருந்து சிறு குப்பியில் ஊற்றி மருந்து கொடுத்தார்கள். லேபிளும் இல்லை, தாளும் இல்லை. “அப்படியே ஊற்றிவிடுங்கள் அண்ணா, காலையில் சுத்தமாகிவிடும்” என்றான் பையன். இரவு ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் புழு சுத்தமாகத்தான் போயிருந்தது. பாதி ஊதா, பாதி மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்த ராயல் கிராமாவும் போயிருந்தது. மற்ற மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கொன்றது மருந்து அல்ல. இந்தப் புழு சாகும்போது அதன் உடலிலிருந்து கசியும் நஞ்சு. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் அந்தத் தண்ணீரில் எது பிழைக்கும்? தப்பிய ஒன்றிரண்டு புழுக்கள் ஆறு மாதத்தில் மறுபடியும் ஊரைக் கூட்டிவிட்டன என்பது தனிச் சோகம்.

இரண்டாவது முறை, மூடிய பெட்டி, உள்ளே செய்முறைத் தாள், நான் சொன்ன இந்தக் குப்பி. விலை எங்கள் வீட்டு ஒரு வாரக் காய்கறிச் செலவைத் தாண்டியது. தாளை மூன்று முறை படித்தேன். அதன் பிறகு நான்கு நாள் மருந்தைத் தொடவே இல்லை. தினமும் காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, புழுக்கள் வெளிச்சத்துக்குத் திரண்டதும், காற்றுக் குழாயின் ஒரு முனையை அவற்றின் மேல் பிடித்து உறிஞ்சினேன். மறுமுனை வாளியில், வாளியின் வாயில் வடிகட்டித் துணி. முதல் நாள் துணியை விரித்துப் பார்த்த அம்மா, “மிளகாய்த் தூளைக் கொட்டிவிட்டாயா?” என்றார். அரிசியில் கல் பொறுக்கும் கை அல்லவா, மூன்றாம் நாள் குழாயை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் விட்ட இடுக்குகளையெல்லாம் அவர்தான் எடுத்தார்.

இதற்கிடையில் ஆர்.ஓ. இயந்திரத்தில் சொட்டுச் சொட்டாக 40 லிட்டர் சேர்த்து, லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் உப்பு கலந்து, சூடாக்கி வைத்தேன். தண்ணீரிலுள்ள நஞ்சையும் மருந்தையும் உறிஞ்சும் வடிகட்டிக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்), புதியதாக அரைக் கிலோவை அலசி ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை, தொட்டியில் இருந்த பழைய கரியையும் புற ஊதா விளக்கையும் எடுத்துவிட்டு, பாறையும் மணலும் போக 160 லிட்டர் என்று கணக்கிட்டு, துளித் துளியாக விட்டேன். அம்மா உரக்க எண்ணினார்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு புழு பிடி விட்டுச் சுழன்றது. பிறகு பாறையிலிருந்து கொத்துக் கொத்தாக. மிதந்தவற்றை வலையிலும் குழாயிலும் அள்ளிக்கொண்டே இருந்தோம். முக்கால் மணி நேரத்தில் கரியைப் போட்டு, 40 லிட்டரை மாற்றினோம். நடுவில் பத்து நிமிடம் மின்சாரம் போனது, வழக்கம்தானே. இன்வெர்ட்டர் காப்பாற்றியது. ஒரு மீன்கூட மூச்சு வாங்கவில்லை. வாரம் கழித்து இன்னொரு முறை விட்டபோது மூன்றே மூன்று புழு வெளியே வந்தன. ஐந்து மாதமாகிறது, துரு இல்லை.

குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஜெயநகர் நண்பர் இப்போது அதைக் கேட்கிறார், அவர் தொட்டியிலும் சிவந்துவிட்டதாம். தாளை ஜெராக்ஸ் எடுத்து, அரைக் கிலோ கரியையும் அவர் வாங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொடுப்பதாக இருக்கிறேன்.